கணித் தட்டில் சிலி பிளம்ஸ்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
29.4.2005

அன்புள்ள அத்தானுக்கு உலகம்மாள் எழுதுவது. இங்கே நானும் சுஜாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டுக் கேட்டு போன் கார்டுதான் தீர்கிறது, பதில் வந்தபாடில்லை.

கவடியார் சூப்பர் மார்க்கெட்டில் நம் பழத்தை நிறுத்திவிட்டார்கள். அப்போது விஷு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. போனில் நான் இதைச் சொல்லவில்லை. அறையில் நாலு பேர் படுத்திருக்க நீங்கள் கொட்டுகிற 'உம்'மை வைத்து மனசில் என்ன ஓடுகிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கடையோடு நம் பழ ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு உறுதியானால்தான் துபாயை விட்டு வருவேன் என்றீர்கள். விசாவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று மே கடைசிக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னீர்கள். அதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அங்கே மேனேஜர் கல்யாணராமன் சார், கோட்டைப் பக்கத்து அக்ரகாரத்து ஆள். மார்ச்சிலேயே என்னைக் கூப்பிட்டார். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு விஷுக் கணி வைக்கச் சாமான் தேடி அலைய நேரமில்லை, எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, டீலக்ஸ் கணி என்று விற்கலாம் என்றார். வெள்ளரி, கொன்றைப்பூ, கண்ணாடி அவர்கள் பொறுப்பு. பழம் என் பொறுப்பு. மாம்பழம் வேண்டாம், கசிந்து தாளெல்லாம் பிசுபிசுக்கும், பலாச் சக்கை இடத்தை அடைக்கும், பார்க்கப் பளிச்சென்று பத்து நாள் தாங்குகிறதாகப் போடுங்கோ என்றார். கிடங்கில் வாஷிங்டன் ஆப்பிளும் சிலி பிளம்ஸும் கிடந்தன. போட்டேன்.

நம் தொழிலில் ஸ்டிக்கர்தானே விலை. சிம்லா ஆப்பிளில் அமெரிக்கா ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்கள் உண்டு. என் சரக்கில் அசல்தான் இருக்கும். அது தெரியட்டும் என்று, ஸ்டிக்கர் மேலே பார்க்க வையுங்கள் என்று அடுக்குகிற பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். அவர்களில் சுடலைமாடத்தி கணித் தட்டிலும் அப்படியே வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று, கவிழ்ந்து கிடந்த ஒன்றிரண்டைத் திருப்பி வைத்தேன்.

கணி எதற்கு என்று எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு வந்து வருஷத்தில் முதன்முதலாகப் பார்ப்பது அதைத்தான். பார்த்தது போல வருஷம் இருக்கும். சித்திரை ஒன்றுக்கு நம் வீட்டிலும் வைக்காமல் இருந்ததில்லை. ஆனால் மொத்தமாக அடுக்கும்போது சரக்காக மட்டும்தான் கண்ணில் படுகிறது.

சாஸ்தமங்கலத்தில் சுசீலாபாய் என்று ஒரு டீச்சர், காலேஜில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். முட்டு வலி, வெளியே போய்த் தேட முடியாது என்று தட்டு வாங்கியிருக்கிறார். விஷு அன்றைக்குக் கண்ணைத் திறந்தால் எதிரே கண்ணாடிக்குள்ளும் வெளியுமாகச் சிலி, சிலி என்று ஸ்டிக்கரோடு பிளம்ஸ். அவர் முற்றத்திலேயே மாம்பழம் விழுந்து கிடந்ததாம்.

மறுநாள் அந்தத் தட்டோடு கடைக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து தினமும், முட்டு வலியோடு, பழ அலமாரிப் பக்கம் நின்று, வருகிறவர்களிடம் ஸ்டிக்கரைக் காட்டி, இது எவிடத்தெ விஷு மோளே, எந்த ஊர் விஷு என்று மட்டும் கேட்டிருக்கிறார். யாராவது நின்றால் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு பழம் வர எவ்வளவு எண்ணெய் எரிந்தது, எத்தனை நாள் குளிர்ப்பெட்டி ஓடியது, அந்தப் புகை யார் தலையில் இறங்கும் என்று வகுப்பு. குடியிருப்போர் சங்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கல்யாணராமன் சாரால் வெளியே போங்கள் என்று சொல்ல முடியவில்லை, அவர் வீட்டம்மாவுக்குப் பாடம் நடத்தினவராச்சே. டீச்சர் தட்டோடு நிற்கிற படம் பேப்பரில் வந்த அன்றைக்கு எனக்குப் போன் வந்தது. சரக்கு அனுப்பாதீங்கோ, தட்டு சப்ளையர் செய்த பிழை என்று சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீங்கோ என்றார். பழியைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, மனசில் வைக்காதே என்கிறார்.

(எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் வந்தேன். கரண்ட் போய் வந்தது. கிடங்குக்குப் போன் அடித்தால் ஜெனரேட்டர் ஓடுகிறது என்கிறார்கள். விற்காத பழத்தைக் குளிரில் வைத்துக் காவல் காக்கிறேன்.)

அந்தப் போன் வந்த பிறகு கடைக்குச் சண்டைக்கென்றே போனேன். போனவள், சாமான் வாங்க வந்தவள் மாதிரிக் கூடையோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், டீச்சரிடம் தலையாட்டிவிட்டுச் சுற்றி வந்து ஆப்பிளையே எடுத்தவர்கள் உண்டு. ஆனால் பலர் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு, சரி, நாடன் மாங்கா, நம்ம ஊர் மாம்பழம் எங்கே என்று கேட்டார்கள். அலமாரியில் ஒரு மாம்பழம் இல்லை. ஊரே மாம்பழம் மணக்கிற சித்திரையில் அத்தான்! கேட்கிற ஆள் நிற்கிறார், கொடுக்கச் சரக்கு இல்லை. இதைவிட எரிச்சல் ஒரு வியாபாரிக்கு உண்டா?

நான்தான் தட்டு அடுக்கினவள் என்று டீச்சர் முன்னால் போய் நின்றேன். உங்கள் வீட்டுக் கணியில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். மாம்பழம், சக்கை, ஏத்தன் வாழைக்குலை என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. ஆப்பிள் இல்லையா என்றார். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தூரத்திலிருந்து வருவதெல்லாம் ஆகாது என்றால் இந்த ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது டீச்சர், என் வீட்டுக்காரரே ஒன்பது வருஷமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் இதே ஆப்பிள் பெட்டியைத்தான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிர்க் கிடங்கில் அடுக்குகிறார் என்றேன். அவர் கோபப்படவில்லை. என் மகனும் மெல்போர்னில்தான், வர வேண்டியவர்கள் வருவதில்லை, வர வேண்டாதது மட்டும் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது, அதைத்தானே கேட்கிறேன் என்றார். பூமி, புகை என்று அவர் சொல்வது எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. இது பிடிபட்டது.

நேற்று மேனேஜர் அறையில் டீச்சரும் சேர்ந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். விளைகிற மாதத்தில் விளைகிற பழத்தை முன்னால் வையுங்கள், நான் தருகிறேன் என்றேன். கல்யாணராமன் சார் இழுத்தார். நாட்டுப் பழம் ஒரு அளவாக வராது, மேலே நல்லதை வைத்து அடியில் வெம்பலைத் தள்ளிவிடுவான், சந்தையில் நின்று யார் பார்த்து எடுப்பா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பேரம் பேசத் தெரியும், மாம்பழத்தின் காம்பைப் பார்த்து உள்ளே புழு உண்டா என்று சொல்லத் தெரியாது. அது யாருக்குத் தெரியும் என்று உங்களுக்கே தெரியும். துபாய்க்குப் போகும் முன்னால் நெடுமங்காடு சந்தையில் பால்பாண்டியிடம் வெம்பலைத் தள்ளினவன் கிடையாது.

உன் அம்மா கடையில் அவளுக்குக் கீழே உட்கார நான் வரணுமா என்று போன தடவை போனில் சுஜாவிடம் விளையாட்டாகச் சொன்னீர்களாம். அம்மே, அப்பா தமாஷ்தான் பறஞ்சது என்று அவளே சமாதானமும் சொன்னாள். தமாஷ் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்: உங்களுக்கு மேலே உட்கார எனக்கு ஆசையில்லை, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். ஒப்பந்தத்தில் அதைத்தான் எழுதச் சொன்னேன். உங்களைக் கேட்காமல் செய்ததற்குத் திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

முடிவானது இது. கிடங்கில் இருக்கும் வெளிநாட்டுப் பழத்தைப் பாதி விலைக்கு எடுத்துப் பின் தட்டில் வைப்பார்கள், எந்த நாடு, எந்த மாதம் பறித்தது என்று எழுதிப் போட்டு. முன் தட்டு முழுக்க இந்த ஊர்ப் பழம். ஆவணி வரை சந்தைக்கு நான் போகிறேன், வெம்பல் வந்தால் நஷ்டம் என்னுடையது. மலையாளச் சிங்கம், நம் ஆவணி, ஒன்றாம் தேதி முதல் ஒரு வருஷத்துக்கு, பழம் பார்த்து எடுப்பவர் பால்பாண்டி, பங்குதாரர், லாபத்தில் சரிபாதி.

இப்படிக்கு,
உலகம்மாள்