கறுப்பு வண்டியும் மஞ்சள் ஓரமும்

மார்ச் 3, செவ்வாய்

என் பாலிஷ் ஷெட்டுக்குக் கறுப்பு வண்டி வந்துவிட்டது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற கார். பின்னாலேயே இன்னொரு காரில் முதலாளியம்மாவும் வந்தார்.

நிழலில் பார்த்தால் கண்ணாடி. வெயிலுக்கு நகர்த்தினால் உடம்பெல்லாம் சிலந்தி வலை, வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கறுப்பு எப்போதுமே காட்டிக்கொடுக்கும். இதன் மேல்பூச்சு வேறு அத்தனை மிருது. தொட்டாற்சிணுங்கி என்று பெயர் வைத்துவிட்டேன்.

முதலாளியம்மா குளிர்க்கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார். "பதினஞ்சாம் தேதி உச்சி வெயில்ல நிறுத்திப் பார்ப்பேன். ஒரு கோடும் இல்லேன்னா என் வண்டிங்க மொத்தமும் இனிமே உங்க ஷெட்டுக்குத்தான். இருந்துச்சுன்னா உங்க அண்ணன்கிட்டயே பெயின்ட் அடிக்கக் கொடுத்துடறேன்."

"ஒரு கோடும் இருக்காதும்மா" என்றேன். இந்த வாய் இருக்கிறதே!

விஷயம் அதற்குள் அண்ணன் காதுக்குப் போய், போன் வந்தது. வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கிற பட்டறை அவனுடையது. பத்து வருடம் அங்கேதான் கிடந்தேன். "கறுப்பைத் தொடாதேன்னு சொன்னேன்ல பாப்பா? சொதப்பிட்டா அப்புறம் எவன் வண்டி விடுவான்? ஷெட்டை மூடிட்டு இங்க வந்துடு. உன் பழைய இடம் காலியாத்தான் இருக்கு."

பழைய இடம் என்றால், அவன் பெயின்ட் அடிக்க நான் கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டுகிற இடம். போகமாட்டேன்.

மார்ச் 4, புதன்

டிக்கி மூடியில் கையகல இடத்தில் மட்டும் வெள்ளோட்டம். டாக்ஸிகளுக்குப் போடும் பாலிஷ் போட்டேன். கோடு போயிற்று, மூடுபனி வந்தது. பேய்க்குப் பயந்து பிசாசிடம் போன கதை.

பிறகு இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பாஞ்சு, இருப்பதிலேயே நைஸான பாலிஷ், மெஷினை மெதுவாக ஓடவிட்டு, கை அழுத்தமே இல்லாமல். மெஷினின் சொந்த எடை போதும். மூடுபனி விலகியது. என் கை பலசாலிக் கை. அதை அடக்கத்தான் பெரும்பாடு.

மார்ச் 5, வியாழன்

தொட்டால் கோடு, தொடாவிட்டால் தூசி. என்ன ஜென்மம் இது?

மார்ச் 7, சனி

முடிந்தது! பானட், கூரை, நான்கு கதவுகள், எல்லாம். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு கோடு இல்லை. எங்கே பார்த்தாலும் என் மூஞ்சிதான் தெரிகிறது, அதுவும் கொஞ்சம் அழகாகவே.

சாயங்காலம் இவர் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தார். "எல்லாம் என் துணியோட மகிமை" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாலும் பாதி உண்மை. நான் ஷெட் திறந்தபோது, துடைக்கிற துணிக்கெல்லாம் ஓரம் அடித்துக் கொடுத்தது இவர்தான். டயருக்குச் சிவப்பு ஓரம், கண்ணாடிக்கு நீலம், பெயின்டுக்கு மஞ்சள். ஒன்றோடு ஒன்று கலக்காது, ஓரமும் பிரியாது. பளபளவென்று பட்டு மாதிரி நூல். எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்?

மார்ச் 9, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் நன்றாகக் கழுவித் துடைத்து, அந்தக் கார் டிரைவரை வரச்சொல்லி வெயிலுக்கு எடுக்கச் சொன்னேன். பானட்டைப் பார்க்கிறேன் — வலை. புதுசு. பாலிஷில் இருந்த எண்ணெய் இத்தனை நாள் மூடி வைத்திருக்கிறது, கழுவியதும் முகமூடி கழன்றுவிட்டது. ஐயோ, எத்தனை மணி நேர வேலை அது!

யோசிக்காமல் டிரைவர்மேல் பாய்ந்தேன். "கையை வெச்சீங்களா? துண்டால துடைச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

பாவம், பின்வாங்கிவிட்டார். "ஸ்டியரிங்கைத் தவிர எதையும் தொடலைம்மா. சத்தியமா."

நான் நம்பவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே போனார்.

மார்ச் 10, செவ்வாய்

சாயங்காலம் அண்ணன் வந்தான். வண்டியில் கீறாமலிருக்க நான் வளையல், மோதிரம், பெல்ட் எல்லாம் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பதைப் பார்த்து ஒரே சிரிப்பு. "என்ன பாப்பா, ஆபரேஷனா பண்றே?" சிரித்துக்கொண்டே கதவில் சாய்ந்தான், தன் பெல்ட் பக்கிளோடு! "தள்ளி நில்லு!" என்று போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

அவன் பானட்டைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "இது உன் தப்பு இல்ல. இந்த பெயின்ட் அப்படி. விட்டுடு, நான் அடிச்சுத் தரேன்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டுவிட்டான்.

ஞாயிறு மதியம் வரை என் வண்டி என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் மூளை ஒரு வழியாக வேலை செய்தது. ஸ்பாஞ்சா, பாலிஷா, தண்ணீரா, துணியா? ஒவ்வொன்றாகச் சோதிப்போம். கறுப்பு மாதிரியே கோடு காட்டுவது வேறு என்ன? பாட்டு சிடியின் அடிப்பக்கம்! வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்து துடைத்தேன். ஸ்பாஞ்சு — ஒன்றுமில்லை. மஞ்சள் துணியின் நடுப்பகுதி — ஒன்றுமில்லை. துணியை மடித்து ஓரம் படும்படி இழுத்தேன்.

கோடு. ரயில் தண்டவாளம் போல ஜோடிக் கோடு.

பானட்டுக்கு ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கேயும் அதே ஜோடி. அந்தப் பளபள நூல் நைலான். இவர் ஆசை ஆசையாக அடித்துக் கொடுத்த ஓரம்தான் கழுவும்போதும் துடைக்கும்போதும் கீறிக்கொண்டே வந்திருக்கிறது. இதுவரை ஷெட்டுக்கு வந்த வெள்ளை வேன்களையும் கீறியிருக்கும், வெள்ளை நிறம் காட்டிக்கொடுக்கவில்லை. வில்லனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். அந்த டிரைவரை வேறு... சே.

இவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 12, வியாழன்

காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன். சிடியையும் காட்டினேன்.

முதல் அதிர்ச்சி: "அய்யோ, இது என் பாட்டு சிடியாச்சே!"

இரண்டாவதுதான் நூல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. "நானா கீறினேன்?" "நூல் கீறிச்சு, நீங்க இல்ல" என்றேன். ஓரத்தை வெட்டிவிடலாம் என்றேன். அங்கேதான் தையல்காரர் முழித்துக்கொண்டார். "ஓரம் அடிக்காத துணி என் கடையிலிருந்து வெளிய போகாது. பிசிறு பறந்தா அதுவும் ஒட்டும்ல?"

சாப்பிடக்கூட வராமல் கடையில் உட்கார்ந்திருந்தார். மதியம் கூப்பிட்டுக் காட்டினார். தலையணை உறை மாதிரியேதான்! இரண்டு துணியைப் பின்பக்கம் வெளியே தெரியச் சேர்த்துத் தைத்து, அப்படியே உள்வெளியாகத் திருப்பிவிட்டார். தையல் முழுக்க உள்ளே போய்விட்டது. கடைசி இரண்டு விரல் இடைவெளியை மட்டும் பருத்தி நூலால், முடிச்சு உள்ளே போகும்படி கையாலேயே மூடினார். வெளியே மெத்தென்ற துணியைத் தவிர எதுவுமில்லை. கை நுழைக்கிற மாதிரி ஒரு உறையும் தைத்திருந்தார், கழுவுவதற்கு.

இன்னொரு சிடியை எடுத்தேன். முகம் சுளித்தார், தடுக்கவில்லை. எப்படித் திருப்பி இழுத்தும் ஒரு கோடு விழவில்லை. கடை நடுவிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டேன். ரவிக்கை அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

நேற்றும் இன்றும் முதலிலிருந்து. முதலில் தண்ணீரை மட்டும் அடித்து மண்ணை இறக்கினேன். நுரை போட்டு ஊறவிட்டேன். ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் வெறும் தண்ணீர்; உறையை வெறும் தண்ணீரில் அலசாமல் ஷாம்பு வாளிக்குள் விடவே இல்லை. கூரையிலிருந்து கீழே, நேர்கோட்டில், வட்டம் கிடையாது. துடைக்காமல் ஒற்றி எடுத்தேன், குழந்தை முகத்தை ஒற்றுகிற மாதிரி. பிறகு மெத்தென்ற ஸ்பாஞ்சு, மெதுவான மெஷின். கடைசியில் எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டேன். இனி முகமூடிக்கு வேலையில்லை.

நாளை வரை வெயிலில் பார்க்கமாட்டேன் என்று எனக்கே சத்தியம் செய்தேன்.

பார்த்துவிட்டேன். எதுவும் எழுதப்போவதில்லை, கண் பட்டுவிடும்.

மார்ச் 15, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்! ஜெயித்துவிட்டேன்! ஜெயித்துவிட்டேன்!

உச்சி வெயில். ஒரு மேகம்கூட இல்லை. முதலாளியம்மா வண்டியைச் சுற்றி வந்தார். பானட் முன்னால் நின்று முதல்முறையாக அந்தக் குளிர்க்கண்ணாடியைக் கழற்றினார். குனிந்தார். கோடு தேடுகிறார் என்று நினைத்தேன். நெற்றியில் விழுந்த முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்!

"மத்த வண்டிங்களை நாளையிலேருந்து அனுப்பறேன்" என்றார். அவ்வளவுதான்.

அழைக்காமலே அண்ணனும் வந்திருந்தான். போன் டார்ச்சை அடித்து, குந்தி, சாய்ந்து, ஒவ்வொரு கதவாகத் தேடினான். முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து "ம்" என்றான். அவன் அகராதியில் அது பெரிய வார்த்தை.

டிரைவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். புதுத் துணி ஒன்றைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரத்தையே காணோமேம்மா?" என்றார். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

ஷெட்டில் நிற்க இடமில்லை, எல்லாம் கறுப்பு.

மதியம் அண்ணனிடமிருந்து போன். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு, "கறுப்பு ஒண்ணு பெயின்ட் அடிச்சு முடிச்சேன் பாப்பா. பாலிஷ் பண்ணா வலை விழுது. நீ கொஞ்சம் பாரேன்." இன்னும் கொஞ்சம் இழுத்து, "மாப்பிள்ளைகிட்ட அந்தத் துணி எனக்கும் கிடைக்குமா?"

மாப்பிள்ளையிடம் கேட்டேன். "மச்சானா? வரிசையில நிக்கச் சொல்லு" என்கிறார்.

வண்டி வந்துவிட்டது. இன்று தண்ணீர் மட்டும் அடித்து நிறுத்தியிருக்கிறேன். காலையில் அண்ணன் வந்து பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறானாம். நிற்கட்டும். மோதிரத்தையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கென்று ஒரு ஆணி அடித்தாயிற்று.