மாலை கிடக்கிற வாரம்

மட்டாஞ்சேரி
22.6.2025

அன்புள்ள மதினிக்கு,

செல்வி எழுதுவது. இங்கிருந்து யார் கூப்பிட்டாலும் நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் என்ன பேச முடியும்? ஒற்றை அறை வீட்டில் அம்மா காதை என் பக்கமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். ஒச்சப்பன் அண்ணன் காய்கறி இறக்கிவிட்டுத் தென்காசிப் பக்கம் லாரியைத் திருப்பும்போது கொண்டுவந்து கொடுப்பார். பிரித்துப் படிக்க மாட்டார், அவருக்குப் போஸ்டர் படிக்கவே பொறுமை கிடையாது. ஒன்பதாவதோடு நின்றவள் நான், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் மெதுவாகத்தான் வரும். தப்பு இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் போன அன்று நான் கிடங்கில் சுக்குப் புடைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் கொடியில் உங்கள் சேலை இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சிதான் குழாயடியில் அம்மா என்ன சொன்னாள் என்று சொன்னார்கள். "மாலை போட்டவன்கிட்ட போயி அப்படிக் கேக்கிறவ வயித்துல எப்படிட்டி பிள்ளை தங்கும்?" என்று கேட்டாளாம், இத்தனை குடத்துக்கு நடுவில். நீங்கள் அண்ணனிடம் அப்படி என்ன கேட்டீர்கள் மதினி?

நாள் பார்க்கிற குச்சி டப்பா உங்கள் தலையணை உறைக்குள்ளேயே கிடக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. பொதுக் குளியலறை வாசலில் வாளியோடு நான் காவல் நிற்பேன். நீங்கள் எண்ணெய்ப் பாட்டில் மூடியில் பிடித்துக் குச்சியை நனைத்துவிட்டு, "இன்னைக்குக் கோடு அழுத்தமா இருக்கா பாரு செல்வி, எனக்குக் கண்ணு பொய் சொல்லுது" என்பீர்கள். ரெண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தால் அந்த ஒன்றிரண்டு நாள்தான் பிள்ளை உண்டாகிற நாள் என்று மருந்துக்கடை ரஜிதா சொல்லித்தந்தாள். அது மாதாமாதம் விழத்தானே செய்தது? அப்புறமும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

சேச்சி இன்னும் கேட்கிறார்கள், "நிங்ஙள் ரண்டாளும் டார்ச்சு அடிச்சு அகத்து என்னதான் நோக்கிண்டிருந்தது?" என்று. கோடு பார்த்தோம் என்று எப்படிச் சொல்ல?

மழை விடவில்லை. பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
இசக்கிசெல்வி


கடையநல்லூர்
29.6.2025

அன்பு செல்விக்கு,

உன் கடிதம் வெங்காய வாசனையோடு வந்து சேர்ந்தது. சொல்லாமல் வந்தது தப்புதான். உன்னைப் பார்த்திருந்தால் வந்திருக்க மாட்டேன், அதனால்தான் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதக் கூசுகிறது. ஆனால் வாளியோடு வாசலில் நின்றவள் நீ, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குக் கோடு அழுத்தமாக விழுவது எந்த வாரம் என்று யோசித்துப் பார். ஒவ்வொரு இங்கிலீஷ் மாசமும் இரண்டாவது வாரம். மலையாள மாசம் பிறந்தால் மலையில் நடை திறப்பார்கள். அதற்கு விரதம் என்று உன் அண்ணன் கழுத்தில் மாலை கிடப்பதும் அதே வாரம். போன புரட்டாசியிலிருந்து ஒரு மாசம் தவறவில்லை. தனிப் பாய், தனித் தட்டு. கட்டின பெண்டாட்டியை "மாளிகைப்புறம், தண்ணி கொடுங்க" என்று கூப்பிடுகிறார். நான் குச்சியை முந்தானையில் முடிந்துகொண்டு தண்ணீர் கொடுப்பேன்.

பிள்ளை வேண்டித்தான் மலைக்குப் போகிறார். போகிற வரைக்கும் பிள்ளை வராது. இதை எந்தக் கோயிலில் போய் முறையிட?

ஒரே ஒரு மாசம் விடுங்கள் என்றுதான் கேட்டேன். "குருசாமி பன்னிரண்டு மாசம் முறியாம வரச் சொல்லியிருக்காரு. முறிஞ்சா முதல்லருந்து" என்றார். அத்தை காதில் விழுந்துவிட்டது. மீதி உனக்குத் தெரியும். சாமி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை செல்வி. அவர் மாசாமாசம் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை.

ஒரு உதவி செய். ஆண்களும் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற கிட் ஒன்று இருக்கிறதாம், இங்கே நர்ஸ் அக்கா சொன்னார்கள். இரண்டு கோடு விழுந்தால் குறை இல்லை, ஒரு கோடு என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ரஜிதாவிடம் வாங்கி உன் அண்ணன் கையில் கொடு. நான் கொடுத்தால் வீசி எறிவார். தங்கச்சி கொடுத்தால் வெட்கத்துக்காவது வாங்கி வைப்பார். எதுவானாலும் தெரிந்தால் போதும் எனக்கு. தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

உனக்கு இது சங்கடமான வேலை. தெரிந்துதான் கேட்கிறேன்.

கற்பகம்


மட்டாஞ்சேரி
13.7.2025

அன்புள்ள மதினிக்கு,

சங்கடம் என்று லேசாக எழுதிவிட்டீர்கள். மூன்று நாள் போனேன். முதல் நாள் கடையில் இரண்டு ஆண்கள் நின்றார்கள், தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளும் தைலம். மூன்றாம் நாள் ரஜிதாவே, "எந்தாடி செல்வி, தைலம் வச்சு சோறு பொங்குதியா?" என்று கேட்டாள். கடையில் வேறு யாரும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். படித்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "இது நின்றெ சேட்டன் ஓணத்தினு முன்னே வாங்கிப்போயதல்லே, பின்னேயும் வேணுமோ?" என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அய்யோ, ஞான் ஒண்ணும் பறஞ்சிட்டில்ல" என்று பில்கூடப் போடவில்லை.

அப்படியென்றால் அண்ணன் போன ஓணத்துக்கு முன்பே இதை வாங்கியிருக்கிறான். வாயால் கேட்க எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும். காலையில் அண்ணனின் சோற்றுப் பாத்திரத்துக்கு மேலே அந்தப் பெட்டியை வைத்துப் பையை மூடினேன்.

மத்தியானமே வந்துவிட்டான். சோறு அப்படியே இருந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். "வா" என்று மட்டும் சொல்லிப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கழுத்தில் மாலை. எதிரே வெலிங்டன் தீவில் கப்பல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"யாரு வாங்கச் சொன்னா?"

"மதினி."

"நான் போன வருசமே பார்த்தாச்சு. ஒரு கோடுதான் விழுந்துச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போயி? கார்ப்பரேசன் தண்ணி லாரி ஓட்டுறவன் நான், ஊர்ல எல்லாத் தெருவும் எனக்குத் தெரியும், எல்லாத் தெருவுக்கும் என்னையத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்க?"

அவனே சொன்னான்.

"குருசாமி பன்னெண்டு மாசம்னு சொல்லவே இல்ல செல்வி. வருசத்துக்கு ஒருக்கா போதும்னுதான் சொன்னாரு. நானா நேர்ந்துக்கிட்டேன். அவ குச்சியத் தூக்கிட்டு வந்து, இந்த வாரந்தான், இந்த வாரந்தான்னு நிப்பா. எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். மாலை கழுத்துல கிடந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

மதினி, இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களிடம் அவனே சொல்ல வேண்டும் என்றேன். "சொல்லுதேன், சொல்லுதேன்" என்றான். போனை எடுத்து உங்கள் பெயர் வரை கொண்டுபோய்விட்டு, மறுபடியும் பையில் போட்டுக்கொண்டான். அவன் சொல்வான் என்று காத்திருந்தால் எனக்கு நரைத்துவிடும்.

கோபத்தில் இதைக் கிழித்துவிடாதீர்கள்.

செல்வி


கடையநல்லூர்
20.7.2025

செல்வி,

கிழிக்கவில்லை.

ஒரு கோடு என்றால் அது என்ன கொலைக் குற்றமா? நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். வீட்டில் ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, ஆஸ்பத்திரியில் சரியாகப் பார்க்க வேண்டும், மருந்து இருக்கிறது, வழி இருக்கிறது என்றார்கள். ஒரு வருசம் போய்விட்டது. அந்த ஒரு வருசத்தில் நான் எத்தனை பேர் வீட்டுச் சீமந்தத்துக்குக் கூப்பிடாமல் விடப்பட்டேன் என்று அவருக்குத் தெரியும். நான் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்திருந்து, வரிசையில் கடைசி ஆளாக நின்று, கோடு விழுந்ததா என்று வெயிலில் பிடித்துப் பார்த்ததெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "மாளிகைப்புறம்" என்றிருக்கிறார்.

குறைக்காக நான் கோபப்படவில்லை. அதை நீ அவரிடம் சொல்ல வேண்டாம். நீ எதையுமே சொல்ல வேண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். அத்தையிடம் அவர் தன் வாயால் சொல்லட்டும். குழாயடியில் வேண்டாம், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால் போதும். சொல்லிவிட்டார் என்று தெரிந்த மறுநாள் பஸ் ஏறுவேன். டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம்.

அவருக்கு அந்தத் தைரியம் வருகிறதா என்று பார்க்கிறேன். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

கற்பகம்


மட்டாஞ்சேரி
10.8.2025

அன்புள்ள மதினிக்கு,

நாளைக்கு, நாளைக்கு என்றே அண்ணன் ஆடி மாதத்தை ஓட்டிவிட்டான். அம்மா சாப்பிட உட்கார்ந்தால் இவன் எழுந்துவிடுகிறான். சிங்ஙம் மாசம் பிறக்கப் போகிறது என்று இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் மாலை போட்டுக்கொண்டான். நான் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் "சாமி சரணம்" என்றான்.

நேற்று காலை குழாயடியில் வரிசை. அம்மா கமலாக்ஷி சேச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "போனவ போனவதான். தெங்காசிப் பக்கமே வேற ஒரு பிள்ளையப் பார்க்கச் சொல்லியிருக்கேன். எம்பிள்ளைக்கு என்ன குறை?"

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை மதினி. கடையில் தைலம் தவிர எதையும் கேட்கத் தெரியாதவள் நான். "குறை மதினிகிட்ட இல்லம்மா. அண்ணன் போன வருசமே பார்த்தாச்சு. ஒரு கோடுதான் விழுந்துச்சு. மாலை போட்டதும் அதை மறைக்கத்தான்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் சேச்சி குழாயை மூடிவிட்டார்கள்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பாதி நிரம்பிய குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அண்ணன் வீட்டுக்கு வரவில்லை, லாரி ஷெட்டில் படுத்துக்கொள்கிறானாம். அம்மா எனக்குச் சோறு போட்டு வைக்கிறாள், பேசுவதில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இனி உங்களை யாரும் எதுவும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது அம்மா காதுக்குப் போய்விட்டது. நீங்கள் வரலாம். எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள், கிடங்கில் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

உங்கள் செல்வி


கடையநல்லூர்
15.8.2025

அன்பு செல்விக்கு,

ஒச்சப்பன் அண்ணன் கடிதம் கொடுக்கும்போதே விஷயத்தையும் சொல்லிவிட்டார். அங்கே மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது போல.

உனக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அழுதேன், எனக்காக ஒருத்தி வாய் திறந்தாளே என்று. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அடுத்ததைப் படிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

நீ சொல்லியிருக்கக் கூடாது. நான் கேட்டது, அத்தைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல. என்னை ஒரு வருசம் நிற்க வைத்தவர், ஒரே ஒரு தடவை எனக்காக நிற்பாரா என்று பார்க்கத்தான். அவர் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய், இனி அவருக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அதற்கு மேல் பாவப்பட்ட மனிதராகவும் ஆகிவிட்டார். முன்னால் குச்சியை நான் பிடித்தேன். பெட்டியை நீ வாங்கினாய். வாயையும் நீ திறந்தாய். இதில் அவர் செய்தது என்ன, மாலை போட்டதைத் தவிர?

நான் பஸ் ஏறவில்லை. இங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆள் கேட்டார்கள், திங்கட்கிழமை சேர்கிறேன். தலையணை உறையில் இருக்கிற குச்சிகளை எறிந்துவிடு.

உன் மேல் கோபம் இருக்கிறது, போகும். எழுது. ஆனால் அண்ணனைப் பற்றி வேண்டாம், அவர் செய்தியை அவர் அனுப்பட்டும். கிடங்கு, ரஜிதா, உன் தலைவலித் தைலம், இதைப் பற்றியெல்லாம் எழுது.

மலைக்குப் போய்விட்டு வந்து, மாலையைக் கழற்றிவிட்டு, அவர் இங்கே வந்தால் வாசலில் நாற்காலி போடுவேன். பேசட்டும், கேட்கிறேன். நீ வந்தால் நேரே உள்ளே வா.

உன் மதினி,
கற்பகம்