அதுக்கு இரும வராது

இன்று காலையில் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றலாம் என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன்டா. உன் பாம்பின் மூக்கு நுனியில் கடுகளவுக்கு ஒரு நுரைக் குமிழி. அது உடைந்தது, பின்னாலேயே இன்னொன்று வந்தது. காதைக் கிட்டே கொண்டு போனேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். 

நீ இருந்திருந்தால், "சட்ட உரிக்கப் போவுதா பாருக்கா" என்று முதலில் கேட்டிருப்பாய். உரிக்கிற சமயத்தில் பழைய தோல் மூக்கை அடைத்துக்கொண்டு விசில் மாதிரி சத்தம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். ஆனால் போன வாரம்தான் மூக்கு முதல் வால்வரை கிழியாமல் உரித்துப் போட்டது. உரிக்கும் முன்னால் மங்கிப்போகிற கண்ணும் தெளிவாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இது அது இல்லை.

முதன்முதலாக நீ அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அம்மா போட்ட கூச்சலில் தெருவே வாசலில் கூடிவிட்டது. "சாத்தானக் கொண்டாந்து வூட்ல வெச்சிக்கினு ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வேற வருவியாடா நீ?" என்று கத்தினாள். நீ பதறாமல் பதிவுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாய். "நம்மூரு பாம்ப வெச்சிருந்தாதாம்மா ஜெயிலு. இது வெளிநாட்டுது. வெஷம் கெடையாது. பயந்துச்சின்னா பந்து மாதிரி சுருண்டுக்கும், அவ்ளோதான்." அம்மா காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "அதோட மூச்சுக்காத்து பட்டாலே நெஞ்சு அரிச்சிடும். இந்த வூட்ல யாராச்சும் ஒருத்தரு இருமட்டும், அன்னிக்கே சாக்குல கட்டி ஏரியில வுட்டுடுவேன்" என்றாள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அந்த மார்கழியில் அம்மாவின் வாய்க்குப் பயந்து, கரியாலூரில் நீ வேலை பார்த்த லாட்ஜ் அறைக்கே அதைக் கொண்டு போனாய். மலையில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பெட்டிக்கு மேலே இருந்த சூட்டு விளக்கு பாதி நேரம் அணைந்தே கிடந்தது. உனக்குக் கம்பளி கொடுக்க நான் பஸ் ஏறி வந்தபோது, பாம்பு தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அருவி பார்க்க வந்து தங்கியிருந்தவர்கள், "சாமி மாதிரி நிக்குது பாரேன்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ உள்ளே வந்து போட்டாயே ஒரு சத்தம்! "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. அதுக்கு மூச்சு முட்டுது. நவுருங்க."

சேலத்தில் பாம்பு பார்க்கத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கே கார் பிடித்தாய். வழியெல்லாம் எனக்குப் பாடம். "பாம்புக்கு இரும வராதுக்கா. நமக்கு சளி கட்னா இருமித் துப்பிடறோம். இருமறதுக்கு நெஞ்சுக்குக் கீழ ஒரு தச வேணும், அது இதுக்குக் கெடையாது. சளி உள்ளயே சேந்து மூச்ச அடச்சிடும். சாப்டாம கெடந்தாக்கூட பொறுத்துப் பாக்கலாம், அது நாள் கணக்கா கெடக்கும். ஆனா மூக்குல நொர, வாயத் தொறந்து மூச்சு, உள்ள டிக் டிக்குனு சத்தம், இதுல ஒண்ணு பாத்தாலும் தள்ளிப்போடக் கூடாது." இதைச் சொல்லிக்கொண்டே நடுவில் முகத்தைத் திருப்பி, வாயைத் தோளில் அழுத்திக்கொண்டாய். உன் முதுகு குலுங்கியது. "இன்னாடா?" என்றேன். "தூசிக்கா" என்றாய்.

டாக்டர் போட்ட ஊசியிலும் நீ காட்டிய சூட்டிலும் பாம்பு பிழைத்துக்கொண்டது. அதை நீ வாராவாரம் எடை போட்டுப் பார்த்தாய். உன் இடுப்புக்கு மட்டும் பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டாய். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்து விடுவாய். "டாங்க்கே காலியாயிடும்டா" என்று அம்மா வெளியே நின்று திட்டுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எங்களுக்கு எப்படியடா தெரியும்?

கர்ச்சீப்பில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டி.பி. முற்றிப் போயிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் இருமல் இல்லாமயா இருந்துச்சு?" என்று அம்மாவைக் கேட்டார். "எம் புள்ள இருமவே இல்லீங்களே சார்" என்றாள் அவள். பாம்பினால் வந்ததா என்று நான் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார். அம்மா டீ வாங்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்தாய். "நான் இருமினா பாம்பாலதான்னு அம்மா அத ஏரியில வுட்டுடும்னு பயந்துதான்க்கா அடக்கினேன். அம்மா வாய்க்கு வந்தத சொல்லிச்சி, நான்தான் பெருசா எடுத்துக்கினேன். அம்மாகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா செத்துடும்" என்றாய். சொல்ல மாட்டேன் என்றேன். எருமை, உன்னை அங்கேயே அறைந்திருக்கலாம் போல இருந்தது. அந்த வாரமே போய்விட்டாய்.

நீ போன பிறகு அம்மா அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கிட்டேயும் போகவில்லை. இன்று காலையில்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நுரையைக் கண்டதும் அவள் உதடு வெளுத்துவிட்டது. "அதுக்கும் அதேவாடி?" என்றாள்.

தலையணை உறைக்குள் அதை விட்டுப் பை மாதிரி முடிந்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி நேராகப் படாமல் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். கார் கிளம்பும்போது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள். பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.  சேலம்வரை பைக்குள் அந்த 'டிக்' சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே வந்தது.

அதே டாக்டர்தான். உடம்பின் முன்பாதியில் ஊசி போட்டார். "சீக்கிரமே பாத்துட்டீங்க. ஆனா ரெண்டாவது தடவை வந்திருக்கு, இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார். பாம்புக்கு இரும வராது, அதனால் கூட இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு வராது, சரிங்க சார். எம் புள்ளைக்கு வந்திருக்குமே. வந்த இருமல ஏன் சார் அடக்கினான்?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்றேன்.

திரும்பி வரும்போது காரில் மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். மடியில் இருந்த பையைத் தடவிக்கொண்டே, "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி பயம் அவனுக்கு?" என்றாள். பாவி, உனக்குக் கொடுத்த வாக்கு என் தொண்டையிலேயே நிற்கிறதடா. அம்மா இருக்கிறவரை அதை நான் வெளியே விட மாட்டேன்.