நெல் காய்ந்த சாலையில் நின்ற கார்

தம்பிக்கு,

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், காரியமாகத்தான். செவ்வாய்க்கிழமை நீடாமங்கலம் சாலையில் என் கார் பழுதாகி நின்றதை நீ பார்த்தாய். இழுத்துப்போக இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய லாரிக்கும் காருக்கும் நடுவில் உன் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

“பெருசு, நெல்லு மேலயே ஏத்திட்டு வந்துடறேன்” என்றான் டிரைவர்.

“ஏத்திப் பாரு. சாயங்காலம் அள்ளிடுவாங்க, அதுவரைக்கும் நில்லு” என்றேன். அவன் திரும்பிப் போய்விட்டான்.

வண்டியை இழுக்க நானே மறுத்ததாகக் கம்பெனி எழுதிவிட்டது. இனி லாரி வராதாம். கார் அங்கேயே நிற்கிறது. நான் காத்திருக்கச் சொன்னேன், மறுக்கவில்லை. யார் நெல்லாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அங்கே இருந்த சாட்சி நீ ஒருவன்தான். காதால் கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போடு. தபாலில் அனுப்ப வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவா. சாப்பிடாமல் வா.

உன் அண்ணன்