கேஸ் போட்டவள் நீ

அக்கா,

இன்று மதியம் கேன்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் தைல வாசனை வந்தது. கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவந்து ராயபுரத்தில் விற்றுவிட்டுப் போவார்களே, சின்னக் குப்பியில் பச்சை நிறத்தில், அந்தத் தைலம். மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் நெற்றியில் தேய்த்துக்கொண்டு டீக்கு நின்றிருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதற்கு அப்புறம்தான்.

நேரில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'நீ' என்கிறேன். கோபித்துக்கொள்ள நீ இல்லை.

உனக்குப் பிறகு அவரைக் கட்டிக்கொண்டவள் நான். அந்த வாசனையை அவருடையது என்று நினைத்துத்தான் குடும்பம் நடத்தினேன். ஹார்பரில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து சட்டையைக் கழற்றினால் வீடு முழுக்க அதுதான் இருக்கும். அவர் இறந்துபோன பிறகு அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். பிறகு திருவொற்றியூரில் உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். நீ கதவைத் திறந்ததும் உன் நெற்றியிலிருந்து அதே வாசனை வந்தது. அந்தப் பழக்கம் உன்னிடமிருந்து அவருக்குப் போனது என்று புரிந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் அந்தச் சட்டையை ஊறவைத்துத் துவைத்துப் போட்டேன்.

உன்னைத் தேடி நானாக வரவில்லை, தெரியுமா. ஹார்பர் ஆபீஸ்தான் அனுப்பியது. அவர் மார்வலி வந்து போன பிறகு, கேன்டீனில் எனக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். மனைவிக்குத்தான் அந்த வேலை. அவருடைய சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் மனைவி என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. என்னோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவர் அதைப் போய் மாற்றவே இல்லை. கோர்ட்டில் தீர்த்துக்கொண்டார்கள் என்றால் அந்த உத்தரவின் நகலைக் கொண்டுவா, இல்லாவிட்டால் நீ யார் என்று நான் எப்படி எழுதுவேன் என்று குமாஸ்தா கேட்டார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நான் யார் என்று எனக்கே அந்த நிமிஷம் சொல்லத் தெரியவில்லை.

பாரிமுனைக் கோர்ட்டுக்கு அலைந்தேன். பழைய கேஸ் கட்டுகள் இருக்கும் அறைக்கு வெளியே ஒரு ஜன்னல் உண்டு. கேஸ் நம்பர் என்ன, வருஷம் என்ன என்று கேட்பார்கள். இரண்டும் எனக்குத் தெரியாது. "நான்தான் கேஸ் போட்டு அவளை விலக்கிட்டேன்" என்று கல்யாணத்துக்கு முன்னால் அவர் சொன்னது ஒன்றுதான் தெரியும். ஆகவே அவர் பெயரைச் சொன்னேன். கேஸ் போட்டவரின் பெயரை வைத்துத்தான் அங்கே தேடுவார்களாம். அந்த ஆள் பாவம், ஒவ்வொரு வருஷத்துப் பதிவையும் எடுத்து விரலை வைத்துப் பார்த்தார். அவர் பெயர் எந்த வருஷத்திலும் இல்லை. ஒருவேளை கேஸே நடக்கவில்லையோ, தாலி கட்டி என்னை ஏமாற்றிவிட்டாரோ என்று கூட நினைத்தேன். எதிர்த்தரப்பைக் கேட்டுப் பார் அம்மா, அவர்களிடம் ஏதாவது காகிதம் இருக்கும் என்றார் அவர்.

எதிர்த்தரப்பு என்றால் நீ. நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், அவர் பெயரில் வருவதெல்லாம் உனக்குத்தான். அது தெரிந்தும் வந்தேன், எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

தீப்பெட்டிக் கம்பெனி ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாய். நான் யார் என்று சொன்னேன், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"செத்துப் பூட்டாரா?" என்றாய். "எனக்கு ஒர்த்தரும் வந்து சொல்லலியே மே."

சொல்ல வேண்டும் என்று தெருவில் பெண்கள் சொல்லத்தான் செய்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நீ வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நான் நகர்ந்து இடம் விட வேண்டும். மூத்தவள் வந்துவிட்டாள் என்று எல்லாரும் உன்னைத்தான் கட்டிப் பிடித்து அழுவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது, உனக்கும் தெரியும். அந்த ஒரு நாளையாவது நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதாக இல்லை. இன்றைக்கும் அதே முடிவுதான் எடுப்பேன்.

நீ உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாய். நாளைக்கு அரை நாள் லீவு போடுகிறேன், கோர்ட்டு வாசலில் நில் என்றாய். அவ்வளவுதான். எனக்கு உதவுவதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே என்று அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் அதே ஜன்னல். நான் முந்திக்கொண்டு அவர் பெயரை மறுபடி சொன்னேன். நீ என் தோளைத் தொட்டு நகர்த்தினாய்.

"அவரு இன்னா கேஸு போட்டாரு? நான் போட்டேன், சார். என் பேர்ல பாருங்க." வருஷத்தையும் சொன்னாய். அந்த ஆள் பதிவை எடுத்துவந்து புரட்டி, இருக்கிறது என்றார். நான் அலைந்து தேடியது ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. மனுதாரர் நீ, அவர் எதிர்மனுதாரர். மனுதாரரே வந்திருப்பதால் சிக்கல் இல்லை, நகலுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, உன்னை விலக்கினது அவர் இல்லையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாய். நீ வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேலையை விட மாட்டேன் என்றதற்குக் கதவை வெளியே பூட்டிச் சாவியை ஹார்பருக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு நாள் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கி வந்து நீ கேஸ் போட்டாய். அவர் விடமாட்டேன் என்று வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் இழுத்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாராம். வாய்தா முடிந்ததும் வெளியே கடையில் உனக்கு டீ வாங்கித் தருவாராம். பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, அவர் ராயபுரத்தில் இறங்க, நீ திருவொற்றியூர் போவாயாம்.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. என்னை அவர் ஒரு டீக்கடைக்கும் கூட்டிப்போனதில்லை. கேஸ் போட்டவளுக்கு டீ! என்னிடம் இருந்ததில் பெரிதாக ஒன்றை எடுத்து உன் முன்னால் போட வேண்டும் என்று தோன்றியது. நான் தையல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, தினமும் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கிளாஸ் வாசலில் இறக்கிவிட்டார் என்றேன். புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாய். வேண்டுமென்றே, கிளாஸ் முடியும்வரை வெளியே நிற்பார் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது பொய். இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

நகல் சும்மா வந்துவிடவில்லை. மனு போட்டால் பெயரையும் நம்பரையும் பலகையில் ஒட்டுவார்கள், யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். அதைப் பார்த்து, முத்திரைத் தாள் வாங்கிக் கட்டி, மறுபடி பலகை. ஒவ்வொரு தடவையும் நீ லீவு போட்டு வந்தாய். பலகையில் உன் பெயர்தான் இருந்தது, என் பெயருக்கு அங்கே வேலையில்லை. கூட்டத்தில் கழுத்தை நீட்டித் தேடுகிற உன்னைப் பின்னால் நின்று பார்த்தேன். உன் பின்னலில் நரை இல்லை. என்னைவிட நிமிர்ந்து நின்றாய். ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்க எனக்கு வராது. என்னைப் பூட்ட வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதே இல்லை. நான் போய்விடுவேன் என்ற பயம் அவருக்கு ஒரு நாளும் வரவில்லை, அக்கா. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நகல் கைக்கு வந்த அன்று நீ கையெழுத்துப் போட்டு வாங்கினாய். எல்லாம் இங்கிலீஷ். கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று கோர்ட்டுக் குமாஸ்தாவைக் கேட்டாய். திருமணம் ரத்து என்று அவர் சொன்னார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினாய். நான் வாங்கப் போனேன், நீ விடவில்லை. இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நென்ச்சிக்காத. ஒன்னக் கண்டா எனுக்கு எரியுது மே. நான் அழுது கேட்டேன், பூட்டு போட்டாரு. நீ கேட்ட, சைக்கிள்ல கொண்ணாந்து வுட்டாரு. அந்த ஆள எனுக்குக் காட்டவே இல்லியே."

அப்புறம் காகிதத்தை விட்டாய். பஸ் வந்தது. நீ முன்பக்கம் ஏறினாய், நான் பின்பக்கம் ஏறினேன். ராயபுரத்தில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

அந்த நகலால்தான் கேன்டீனில் நிற்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்கப்புறம் நீ என் வீட்டுக்கு வரவில்லை, நானும் உன்னைப் பார்க்க வரவில்லை. உன் கம்பெனிப் பெண் ஒருத்தி போன வாரம் இங்கே சாப்பிட வந்தபோது, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள், நீ போய்விட்டாய் என்று. காரியமும் முடிந்துவிட்டதாம்.

எனக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று. என்னிடம் பெரிதாக என்ன இருக்கிறது, யார் என்னைப் பார்த்து வயிறெரியப் போகிறார்கள்? இந்த ஊரில் ஒரே ஒருத்தி எரிந்தாள். அது நீ. உன் முகத்தில் அன்று அதைப் பார்த்தபோதுதான், அவர் எனக்கும் ஏதோ கொடுத்திருக்கிறார் என்று நம்பினேன். பத்திரமாக வைத்திருக்கிறேன் அதை. உத்தரவு நகலை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், உன் பொறாமை மட்டும் என்னிடமே இருக்கிறது.

இப்போது அங்கே போய்ச் சேர்ந்திருப்பாய். அவர் உனக்காக ஒரு டீ சொல்லியிருப்பார். அங்கேயும் எனக்கு முன்னாலேயே போய்விட்டாயே, அக்கா.