இரண்டு டிஸ்க்கில் வைத்த உன் குரல்

எதிர்வீட்டில் இன்று காலை இன்வெர்ட்டர் எரிந்துவிட்டது. பெரிய சேதம் ஒன்றுமில்லை. கொஞ்சம் புகை, கொஞ்சம் கூச்சல், யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார். ஆனால் அந்த வாடை தெருவைத் தாண்டி என் மாடிப்படி வரைக்கும் ஏறி வந்துவிட்டது. கருகிய பிளாஸ்டிக்கும் செம்புக் கம்பியும் கலந்த வாடை. கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டில் இப்போது குடியிருக்கும் அம்மா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மயக்கமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நிற்கிற அந்த வாசல் நடையில்தான் நீயும் நிற்பாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்தப் பழங்காநத்தத்து வீட்டில் அப்போது நீ கீழே, நான் மேலே. எனக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. காலையில் நீ எழுந்து பேச ஆரம்பித்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். பால்காரரிடம், தண்ணீர்க் குழாயிடம், சைக்கிள் செயினிடம், எல்லாவற்றிடமும் பேசுவாய். வீட்டுக்குள் உன் சௌராஷ்டிர மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். டவுனில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாய். ஒரு தடவை நான் கடைக்கு வந்தபோது ஓர் அம்மாள் எதுவும் வாங்காமல் எழுந்து போகப் போனார். நீ குரலை உயர்த்தவே இல்லை. இன்னும் தணித்தாய். அந்த அம்மாள் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னாய்: "சேலைய யாரும் கண்ணால வாங்குறதில்ல மாப்ள. காதாலதான் வாங்குறாங்க."

அந்தக் குரலில்தான் முதலில் ஒரு கரகரப்பு வந்தது. பஞ்சுத் தூசி என்றாய். பனி என்றாய். மாதங்கள் போயின. பெரிய ஆஸ்பத்திரியில் சதையை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று நீ மாடிப்படி ஏறி வந்து, எதுவும் பேசாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தாய். நீ பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"குரல்வளைய மொத்தமா எடுத்துருவாங்களாம் மாப்ள. ஆளு இருப்பேன். பேச்சு இருக்காது."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நீ சொன்னதுதான் நினைவிருக்கிறது. "பாப்பாவுக்கு நாலு வயசு கூட ஆகல. அவளுக்கு என் குரல் எங்க ஞாபகம் இருக்கப் போகுது? ஏதாச்சும் பண்ணுவோம்டா."

பதிவு செய்துவிடலாம் என்பது எளிதான யோசனை. எதில் வைப்பது என்பதுதான் உனக்குப் பெரிய கவலை. பாப்பாவின் முதல் பிறந்தநாளை ஒரு சிடியில் போட்டுத் தந்திருந்தார்கள். ஒரு கோடை முடிந்து எடுத்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒன்றும் ஓடவில்லை. அதிலிருந்து சிடி என்றாலே உனக்கு நம்பிக்கை கிடையாது. கேசட் பூஞ்சை பிடிக்கும் என்றாய். கம்ப்யூட்டரில் வைக்கலாம் என்றேன். "அந்த டிஸ்க்கு போயிருச்சுன்னா?" என்றாய்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். ஒரே மாதிரி இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டினால், ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றதில் அப்படியே இருக்கும். ஆரப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் என் கடைக்குப் புதிதாக வாங்கியிருந்த மதர்போர்டில் அந்த வசதி இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து உன் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில் மாட்டினேன். இரண்டு டிஸ்க்கையும் நாம் சேர்ந்து போய் வாங்கினோம். பஸ்ஸில் வரும்போது ஒன்றை நீ வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் கொடுத்தாய். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுத் தரையில் பேப்பரை விரித்து, பெட்டியைத் திறந்து உட்கார்ந்தோம். இப்படி இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து மாட்டுவதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டாய். "ரெய்டு" என்றேன். அடுப்படியிலிருந்து உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, ஓடி வந்தது.

"ரெய்டா? நம்ம வீட்டுலயா? எதுக்குண்ணே?"

"ஆமா, நீ ஒளிச்சு வச்சிருக்க தங்கத்தையெல்லாம் அள்ளிட்டுப் போக வாராங்க" என்றாய். சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தங்கச்சி சிரிக்கவில்லை.

எல்லாம் மாட்டி முடித்ததும் நீ விடவில்லை. "நெசமாவே ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்குமா? காட்டு." கம்ப்யூட்டரை அணைத்து ஒரு டிஸ்க்கின் வயரை உருவினேன். கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டதும் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. பிறகு திரை வந்தது. பாப்பாவின் போட்டோவும் திறந்தது. "இப்ப அத மாட்டிட்டு அடுத்தத உருவு" என்றாய். அதிலும் திறந்தது. அதற்குப் பிறகு நீயே உருவினாய், நீயே மாட்டினாய். உன் முகத்தில் பல வாரங்களாகக் காணாத ஒரு வெளிச்சம். "அப்ப நான் போனாலும் இவ கேட்டுக்கிட்டே இருப்பா" என்றாய்.

அன்றைக்கு நம் இருவருக்குமே பயம் போய்விட்டது.

தொண்டை காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும் என்பதால் கடைக்குப் போகுமுன் பதிவு செய்தோம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க உட்காருவாய். நான் பொத்தானை அழுத்துவேன். நீ மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உன் மொழியில் பேசுவாய். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஒரு நாள் பாடுகிற மாதிரி இருக்கும், ஒரு நாள் கெஞ்சுகிற மாதிரி. ஒரு நாள் அதட்டிக்கொண்டே இருந்தாய். "என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"வயசுக்கு வந்தப்புறம் அவ அம்மாவ எதுத்துப் பேசுவால்ல? அன்னைக்கு நான் திட்ட வேணாமா? திட்டையும் சேத்து வச்சுட்டேன்."

கல்யாணத்தன்று கேட்பதற்கு ஒன்று பேசினாய். பாதியில் நிறுத்தி வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து பேசினாய். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் வரைக்கும் பேசினாய். கடைசியில் பேசியது பெரும்பாலும் மூச்சுதான். அதையும் அழிக்கக் கூடாது என்றாய்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கழுத்தில் துளையோடு வீட்டுக்கு வந்தாய். தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் வந்த ரீங்காரத்தைக் கேட்டுப் பாப்பா பயந்து அழுதாள். நீ அதை வந்த பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

சாயங்காலங்களில் தங்கச்சி கம்ப்யூட்டரைப் போடும். நீ சொன்ன கதை ஸ்பீக்கரில் ஓடும். நீ பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்பாய். ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். பாப்பா ஸ்பீக்கரைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள், பிறகு மடியிலிருந்து இறங்கிப் போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அப்பா அங்கேதான் இருந்தார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். வாய் மட்டும்தான் சிரித்தது.

அந்தச் சித்திரையில், ஒரு மத்தியானம், கோடை மழைக்கு முன்னால் காற்று அடித்தது. தெருமுனைக் கம்பத்தில் ஒரு கம்பி அறுந்தது. அந்த ஒற்றைக் கம்பி அறுந்தால் மின்சாரம் இரண்டு மடங்காக வீடுகளுக்குள் பாயும் என்று பிறகு சொன்னார்கள். என் அறையில் குண்டு பல்பு வெள்ளைவெளேரென்று எரிந்து வெடித்தது. தெரு முழுக்கச் சத்தம். டிவி போச்சு, ஃபேன் போச்சு என்று அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்கள் ஓடினார்கள்.

நான் கீழே வந்தேன். பாப்பா கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத் தங்கச்சி தூக்கிக்கொண்டு மூலையில் நின்றது. கம்ப்யூட்டருக்குக் கீழே இருந்த ஸ்டெபிலைசர் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. நீ சுவிட்சை அணைத்துவிட்டு, அணைத்ததையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாய். வாய் அகலத் திறந்திருந்தது. நீ கத்துகிறாய் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு டிஸ்க்கின் அடியிலும் இருந்த பச்சைச் சர்க்யூட் பலகை ஒரே இடத்தில் கருகியிருந்தது.

ஊரில் தெரிந்த ஆளிடமெல்லாம் காட்டினோம். கடைசியில் சென்னைக்குப் போனோம். இரண்டு டிஸ்க்கையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாய். அங்கே அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். மறுபடி போனோம். அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டும் போச்சு சார். போர்டு மாத்திப் பாத்தேன். உள்ளயும் எரிஞ்சிருக்கு."

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும்னுதானே சார் போட்டோம்?"

"டிஸ்க் தானா கெட்டா இருக்கும் சார். கரண்ட் அடிச்சா ரெண்டுக்கும் சேத்துத்தானே அடிக்கும்? ஒரே பெட்டி, ஒரே சப்ளை." அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. வருத்தம்தான் இருந்தது. அவர் அதட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்.

திரும்பி வரும்போது நீ என் உள்ளங்கையை விரித்து விரலால் எழுதினாய். முதலில் புரியவில்லை. மறுபடி எழுதினாய். "மறந்துருவா." அவ்வளவுதான். மதுரை வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய்.

நோய் திரும்பி வந்தபோது நீ பெரிதாகப் போராடவில்லை. ஆளைக் கூப்பிடக் கையைத் தட்டுவாய். பிறகு அந்தத் தட்டும் மெலிந்துபோனது. கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உதட்டை அசைத்தாய். நான் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை, மாப்ள.

உன் காரியம் முடிந்ததும் நான் தேடினேன். எங்கேயாவது ஒரு கேசட்டில், யார் வீட்டு விசேஷத்திலாவது உன் குரல் சிக்கியிருக்காதா என்று. உன் கல்யாண வீடியோ கிடைத்தது. நீ மாலையோடு நின்று யாரிடமோ பேசிப் பேசிச் சிரிக்கிறாய். ஆனால் டேப் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். உன் வாய் அசைகிறது, யாரோ பாடுகிறார்கள். அதை நிறுத்திவிட்டேன்.

தங்கச்சி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு செல்லூரில் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று என்னிடம் பலர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ஒரு மனிதன் தன் குரல் போவதற்குள் மகளுக்காக அம்புட்டையும் பேசி வைத்தான். அதை ஒரு காற்றும் ஒரு கம்பியும் கொண்டுபோயின. இதில் பாடம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு எதுவும் அகப்படவில்லை.

உன் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். உன் நெற்றி அவளுக்கு. போன மாதம் தனியாக என்னைப் பார்க்க வந்தாள்.

"மாமா, அம்மாகிட்ட கேட்டா அழுறாங்க. நீங்க சொல்லுங்க. எங்க அப்பா குரல் எப்படி இருக்கும்?"

"நல்ல குரல்மா."

"நல்லதுன்னா? கனமாவா, மெலிசாவா?"

நீ சொன்னதெல்லாம் நினைவில் இருக்கிறது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், இப்போது எழுதுகிறேனே அந்த மாதிரி. ஆனால் அவையெல்லாம் சத்தமில்லாமல்தான் வருகின்றன.

"எங்க சௌராஷ்டிரப் பேச்சுல அப்பா சொன்னது ஏதாச்சும் ஞாபகம் இருக்கா மாமா? ஒரு வார்த்தையாச்சும்?"

ஒன்று இருந்தது. ஒவ்வொரு பதிவையும் நீ ஒரே சொல்லில்தான் ஆரம்பிப்பாய். அவளைக் கூப்பிடுகிற செல்லப் பெயரோ என்னவோ. பொத்தானை அழுத்தியதும் காதில் விழும் முதல் சத்தம் அதுதான். யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருடங்களாக அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பத்திரமாக வைத்திருந்தேன். அவளிடம் சொன்னேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவளாகவே அதற்குப் பக்கத்தில் வருகிற இரண்டு மூன்று சொற்களைச் சொல்லி, இதுவா, இதுவா என்று கேட்டாள். எதுவும் இல்லை.

"அப்படி ஒரு வார்த்தையே எங்க பேச்சுல இல்லையே மாமா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல மாமா, நான் வாரேன்" என்று எழுந்துகொண்டாள்.

நான் சொல்லிச் சொல்லியே அதைத் தேய்த்துவிட்டிருக்கிறேன். இப்போது அது நீ சொன்னதும் இல்லை, எந்த மொழியிலும் அதற்கு இடமும் இல்லை. ஆனாலும் உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். இன்று காலை படியில் உட்கார்ந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.