தையல்காரியின் அறை

மே 9, சனி

விடுப்பு கிடைத்துவிட்டது. கிடைத்தது எங்கே, பிடுங்கிக்கொண்டேன். "நீங்க இல்லாம முன் மேசையை யார் பாத்துப்பா?" என்று பல் டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஊரார் பல்வலியைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். ஒரு வாரம் அவரே போனை எடுக்கட்டும்.

எல்லாம் அத்தைக்காக. பக்கத்துத் தெருவுக்குக் கூப்பிட்டாலே "தையல் கிடக்குதுடீ" என்று தட்டிக்கழிப்பவள், எழுபது வயதில் கோடை விழா பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாங்கள் முன்பு இருந்த ஊர். அங்கே ஒரு பெரிய வியாபாரியின் பங்களாவை இப்போது அருங்காட்சியகமாக்கி, கோடையில் விழா நடத்துகிறார்களாம். அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. மாடியின் பின்கட்டில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஏழு வயதாகும்போது ஊரைக் காலி செய்துவிட்டோம். யாருடைய போனிலோ பார்த்துவிட்டு வந்து, "நம்ம வீட்டை டிக்கெட் போட்டுக் காட்டுறாங்களாம்டீ" என்றாள் அத்தை.

அப்பா இருந்தவரை அந்த ஊரின் பேச்சே எடுக்கமாட்டாள். அவர் போய் ஒரு வருடம் ஆகவில்லை, இப்போது என்ன திடீர் ஆசை?

மே 11, திங்கள்

வந்து சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊர் முழுக்கக் கலர் கொடி, சுவருக்குச் சுவர் பலகை. எங்கள் விடுதி வாசலிலும் ஒன்று: யாரோ ஒரு தளபதி இங்கே ஓர் இரவு தூங்கினாராம். தூங்கியதற்கெல்லாம் பலகையா? இன்றைக்கு நான் தூங்கப்போவதில்லை, அதற்கு யார் வைப்பார்கள்?

காரணம் அத்தை. அறைக்கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறாள்.

"கண்டவனும் போற வர்ற இடம், அத்தை."

"வரட்டும். நம்மகிட்ட என்ன இருக்கு, தூக்கிட்டுப் போக?"

"கொசு வருது."

"காத்தும் வருதுல்ல."

காற்று எங்கே வருகிறது? கொசுதான் குடும்பத்தோடு வருகிறது. அவள் வீட்டிலும் இப்படித்தான், எப்போது போனாலும் கதவு விரியத் திறந்திருக்கும். துணி கொடுக்க வருகிறவர்களுக்காக என்று நினைத்திருந்தேன். குளியலறைக் கதவைக்கூட லேசாக ஒருக்களித்துத்தான் வைக்கிறாள். நான் வெளியே காவல் நிற்கிறேன். இதுதான் என் உல்லாசப் பயணம்.

மே 12, செவ்வாய்

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

அத்தைக்குக் கால் வீங்கியிருந்தது. நீங்கள் படுங்கள், கூட்டம் எப்படி என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பங்களாவுக்குப் போனேன். வரிசை குறைவாக இருந்ததால் நானும் ஒரு சீட்டு வாங்கி உள்ளே நுழைந்தேன். வழிகாட்டி ஒரு சின்னப்பெண், காதில் மாட்டிய மைக்கோடு துருதுருவென்று இருந்தாள். வியாபாரியின் இரும்புப்பெட்டி, நீளச் சாப்பாட்டு மேசை, பல்லக்கு அளவுக்கு ஒரு கட்டில் எல்லாம் காட்டினாள். அப்புறம் மாடி, பின்கட்டு. எங்கள் பின்கட்டு.

"இதுதான் தையல்காரி அறை," என்று குரலைத் தாழ்த்தினாள். "கணக்குப்பிள்ளையோட தங்கச்சி. யாரையோ விரும்பியிருக்கா. அண்ணன்காரன் இந்த ரூம்ல வெச்சுத் தாழ் போட்டுட்டான். தைச்சுக்கிட்டே கிடந்து, இங்கேயே செத்துப்போனா. இன்னிக்கும் சில நேரம் மிஷின் சத்தம் கேக்கும்..."

கேட்டது. அலமாரிக்கு மேலேயிருந்து கடகடவென்று. கூட்டம் ஆனந்தமாக அலறியது. ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அலமாரிக்கு மேலே துணி போட்டு மறைத்த ஸ்பீக்கரை நான் பார்த்தேன். அதுவும் கரண்ட் மிஷின் சத்தம்! அத்தையுடையது கையால் சுற்றும் மிஷின். பொய் சொல்வதையாவது உருப்படியாகச் சொல்லக்கூடாதா?

செத்துப்போனாளாம். காலைச் சாப்பாட்டை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு விடுதியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள், செத்துப்போனாளாம்!

அப்பாவை "அண்ணன்காரன்" என்கிறாள் நேற்றுப் பிறந்தவள். என் அப்பா! அத்தைக்குத் தைக்கும்போது தொந்தரவு கூடாது என்று எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார். அம்மா சாப்பாடு கொண்டுபோகும்போது பின்னாலேயே போனால்கூட அதட்டுவார்.

விடுதிக்குத் திரும்பியதும், "எப்படி இருந்துச்சு?" என்று அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"வெள்ளையடிக்கிறாங்க, அத்தை. மூடிட்டாங்க."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓஹோ" என்றாள்.

சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் என்னைவிடக் குதித்தான். "அந்தக் கதையை உடனே நிறுத்தச் சொல்லு. அப்பா பேர் என்னத்துக்கு ஆகும்?"

"நீயே வந்து சொல்லேன்."

"எனக்கு எங்கே லீவு?"

எனக்கு மட்டும் தானாகக் கொட்டுகிறதாக்கும். ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். இந்தக் கண்றாவி அத்தையின் காதில் விழக்கூடாது.

மே 13, புதன்

இன்று முழுவதும் பங்களாவுக்கு எதிர்த்திசையிலேயே அவளை இழுத்துக்கொண்டு அலைந்தேன். மணிக்கூண்டுக்குப் போனால் படிக்கட்டு பழுது, ஏற முடியாது. பழைய கார் ஊர்வலம் என்றார்கள்; அதில் பாதி கார்களை ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய சிறைச்சாலைக்குச் சீட்டு வாங்கினேன். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ போயிட்டு வா. நான் இந்த மரத்தடியில இருக்கேன்."

"சீட்டு வாங்கியாச்சு அத்தை!"

"ஒண்ணு வீணாப் போனாப் போகட்டும்."

எரிச்சலோடு தனியாகப் போனேன். ஒரு கொட்டடிக்குள் எங்களை எல்லாம் நிறுத்தி, வேடிக்கைக்காகக் கொஞ்ச நேரம் பூட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்தால் வெயில் அவள் பக்கம் திரும்பியிருந்தது. நகராமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பூங்காவில் பேண்டு வாத்தியம் மட்டும் பிடித்தது அவளுக்கு. பெரிய குழலை ஊதுகிறவரின் சட்டை தோளில் இழுக்கிறது, அளவு தெரியாதவன் தைத்திருக்கிறான் என்று கடைசிவரை புலம்பினாள். திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டாள், "வெள்ளையடிச்சு முடிச்சிருப்பாங்களாடீ?"

"அவ்வளவு பெரிய வீடு, அத்தை. ஒரு வாரமாவது ஆகும்."

எப்படிக் கூசாமல் பொய் வருகிறது எனக்கு. டாக்டர் காபி குடிக்கும்போது "ஆபரேஷன்ல இருக்கார்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

மே 14, வியாழன்

சண்டை போட்டுவிட்டேன். நல்லது ஏதாவது நடந்ததா என்றால் இல்லை.

மருந்துக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போய், கூட்டம் கலையும்வரை காத்திருந்து அந்தப் பெண்ணைப் பிடித்தேன். "நான் அந்தக் கணக்குப்பிள்ளையின் மகள்" என்றதும் அவள் வெலவெலத்துப்போனாள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், ஒத்துக்கொள்கிறேன்.

"செத்துட்டாங்கன்றது ஆபீஸ்ல சேத்தது மேடம். அப்பத்தான் கூட்டம் வரும்னு. அதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா பூட்டி வெச்சதைப் பின்தெருவுல நிறைய பேர் சொல்றாங்க. அந்த வயசுக்காரங்க இன்னும் இருக்காங்க."

"தெருவுல ஆயிரம் பேசுவாங்க. நான் அந்த வீட்டுலயே இருந்தவ."

அவள் என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள். அறைக்கதவின் வெளிப்பக்கம் தடியான தாழ்ப்பாள்.

"அந்தக் காலத்துல எல்லாக் கதவுக்கும் வெளியிலயும்தான் தாழ் இருக்கும்," என்றேன்.

"ஆமா மேடம். உள்ளேயும் இருக்கும்." பக்கத்து அறையின் உள்தாழைக் காட்டினாள். பிறகு தையல் அறைக்கதவின் உள்பக்கத்தைத் திருப்பினாள். தாழ் இல்லை. அது இருந்த இடத்தில் ஆணித் துளைகள், அரக்கு வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசியிருந்தது.

யார் வேண்டுமானாலும் கழற்றியிருக்கலாம். எங்களுக்குப் பிறகு எத்தனை குடும்பமோ. எதற்காகவோ. ஏன், உளுத்துப்போய்த் தானாக விழுந்திருக்கக்கூடாதா? உளுத்துப்போனதற்கு யார் அரக்கு வைத்து அடைப்பார்கள்?

மேலாளரைப் பார்க்கவேண்டும் என்று கத்திவிட்டு, பார்க்காமலே வந்துவிட்டேன்.

அம்மா சாப்பாடு கொண்டுபோகும்போது தட்டைத் தரையில் வைப்பாள். ஒரு கிறீச் சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் கதவு திறக்கும். இது ஏன் இப்போது ஞாபகம் வந்து தொலைக்கிறது?

மே 15, வெள்ளி

குளித்துவிட்டு வந்தால் அத்தையைக் காணோம். கைப்பையும் இல்லை, செருப்பும் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரத்தலையோடு ஓடினேன்.

தையல் அறைக்குள் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. என் சண்டைக்குப் பிறகும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டியதை மாற்ற அனுமதி இல்லை போலிருக்கிறது. என்னைக் கண்டதும் குரல் தடுமாறியது. ஆனாலும் சொன்னாள், "...இங்கேயே செத்துப்போனா."

அத்தை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம்மா. எப்போ செத்தா?"

சிலர் சிரித்தார்கள். "அது... சரியாத் தெரியலைங்க" என்றாள் அந்தப் பெண்.

"தெரியலைன்னா அதை விட்டுரு. மத்ததெல்லாம் சரியாத்தான் சொல்றே."

அவ்வளவுதான் சொன்னாள். அலமாரிக்கு மேலே மிஷின் ஓடத் தொடங்கியது. கூட்டம் அலறிவிட்டு அடுத்த அறைக்குப் போயிற்று. அத்தை கதவருகே போய், அடைத்த துளைகளின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். எந்த இடம் என்று தேடவே இல்லை. அந்தப் பெண் அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மைக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"வெள்ளை நல்லாத்தான் அடிச்சிருக்காங்க," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்..."

"எனக்கா? எனக்குத் தெரியாததாடீ? அந்த போன்ல இந்தப் பொண்ணு சொல்றதைப் பாத்துட்டுத்தானே கிளம்பினேன்."

"எவ்வளவு நாள், அத்தை?"

"மழை ஆரம்பிக்கறப்போ உள்ளே போனேன். வெளியே வர்றப்போ தரையெல்லாம் காஞ்சிருந்துச்சு."

"அந்த ஆள்?"

"அவனா? வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான். அப்புறம்தான் கதவைத் திறந்தாங்க. நல்லதாப் போச்சு, மூக்கு இவ்வளவு பெரிசு." கையால் காட்டிச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "உனக்கு எத்தனை கவுன் தைச்சேன் தெரியுமா அப்போ? வேற என்ன செய்யறது உள்ளே."

தெரியும். பூப்போட்ட கவுன், கழுத்தில் சுருக்கம் வைத்த கவுன், பை வைத்த கவுன். பள்ளியில் யாரிடமும் அத்தனை இல்லை. என் அத்தை தைத்தது என்று பீற்றிக்கொள்வேன்.

"அப்பா நல்லவர்தானே, அத்தை?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்? யாருக்காகக் கேட்டேன்?

"உங்களுக்கெல்லாம் நல்லவர்தான். எனக்கு இல்லை."

பிறகு அவளாகவே சொன்னாள். "நம்ம வீட்டுல ஒருத்தரும் இதை வாயால சொன்னதில்லை. உங்கம்மா சொல்லலை. உங்கப்பா சாகற வரைக்கும் சொல்லலை. யார்னே தெரியாத ஒரு பொண்ணு, மைக்கு வெச்சு ஊருக்கே சொல்லுது. நேர்ல நின்னு கேக்கணும்னு இருந்துச்சு. நீ என்னடான்னா என்னை ஜெயில் பாக்கக் கூட்டிட்டுப் போறே."

மே 16, சனி

அப்பாமேல் கோபம் கோபமாக வருகிறது. அவர் இல்லை. இருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?

தம்பி போன் செய்தான். எடுக்கவில்லை.

மே 17, ஞாயிறு

விழாவின் கடைசி நாள். அத்தை போகவேண்டும் என்றாள், போனோம். நேற்றே அந்தப் பெண்ணோடு மேலாளரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லாமல். உயிரோடு எதிரே நிற்கிறவளைச் செத்ததாக எழுதிவைக்க அவருக்கு மனசு வரவில்லையாம்.

வழிகாட்டிப் பெண் இன்று இப்படிச் சொன்னாள்: "அண்ணன் இந்த ரூம்ல வெச்சுத் தாழ் போட்டார். ஒரு மழைக்காலம் பூரா உள்ளேயே இருந்தாங்க. அப்புறம் வெளியே வந்து, இன்னிக்கும் தைச்சுக்கிட்டு இருக்காங்க." யாரும் அலறவில்லை. ஒரு அம்மா மட்டும் கதவின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஸ்பீக்கரை எடுக்க மட்டும் மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்," என்றாள் அத்தை, "என்கிட்ட இருந்ததைவிட நல்ல மிஷின்."

தம்பி மறுபடி கூப்பிட்டான். "கதையை நிறுத்திட்டாங்களா?"

"இல்லை. தப்பு இருந்துச்சு, அத்தை சரிபண்ணிட்டாங்க."

"அப்போ அப்பா?"

"அவரைப் பத்திச் சொன்னதுல தப்பு இல்லைடா."

போனை யார் முதலில் வைத்தோம் என்று தெரியவில்லை.

காலையில் பஸ். அத்தை சீக்கிரமே படுத்துவிட்டாள். அறைக்கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. எழுந்துபோய் என் பெட்டியை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தேன். கொசு பிடுங்குகிறது.